அன்று, அன்று என்றால் ஐந்து காசு

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து சங்கரன்கோவில் சாலையில் போகும் பேருந்து, ராமையன்பட்டி, ரஸ்தா தாண்டி மானூரில் நிற்கும். தாமிரபரணிக் கரையின் வாழையும் நெல்லும் பின்தங்கி, மானாவாரி நிலமும் குளத்துப் பாசனமும் கலந்து வரும் பகுதி இது. ஒன்றியத் தலைநகர் என்பதால் கடைத்தெருவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. விதை, உரம் வாங்க வருகிறவர்கள், அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்கள் என்று காலையிலேயே ஊர் பரபரப்பாகிவிடும்.

சுற்றுவட்டாரத்தில் மானூர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆவணி மூலம். கருவூர்ச் சித்தருக்குக் காட்சி கொடுக்க நெல்லையப்பர் இந்த ஊருக்கு எழுந்தருளும் திருவிழா அது. அன்றைக்கு அம்பலவாணர் கோயில் வாசலில் நிற்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் கோயில் அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்குள் சுமார் 1,200 வருடத்துக்கு முந்தைய ஒரு கல்வெட்டு இருக்கிறது. அது போர் வெற்றியைச் சொல்லவில்லை. ராஜா கொடுத்த தானத்தையும் சொல்லவில்லை. ஊர்க்கூட்டத்தை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்கிறது.

பாசன சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், பால் சொசைட்டி என்று இன்றைக்கு விவசாயிகள் தாங்களே நடத்தும் அமைப்புகள் பல. எல்லா இடத்திலும் கேட்கிற புலம்பல் ஒன்றுதான்: "கூட்டம் போட்டா சண்டைதான் மிச்சம்." அந்தப் புலம்பலுக்கு இந்தக் கல்லில் ஒரு பதில் இருக்கிறது.

கல் சொல்லும் கதை

கி.பி. 800-ஐ ஒட்டிய காலம். பாண்டிய மன்னன் மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டு. மானூர் அப்போது களக்குடி நாட்டில் இருந்த ஒரு பிராமண ஊர். நிலத்தில் பங்கு உள்ளவர்கள் கூடிப் பேசும் மகாசபை அங்கே இருந்தது. அந்தச் சபைதான் தனக்குத்தானே விதிகளை வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தது.

முதல் விதி, சபையில் யார் பேசலாம் என்பது. ஊரில் நிலப்பங்கு இருக்க வேண்டும். சாத்திரம் கற்றிருக்க வேண்டும். நல்ல நடத்தை வேண்டும். விலைக்கு வாங்கியோ, தானமாகவோ, சீதனமாகவோ பங்கு பெற்றுப் புதிதாக வருகிறவர் என்றால், தேர்வு பார்த்த பிறகே சேர்த்துக்கொள்வார்கள். இப்படிச் சபையில் பேசும் உரிமைக்கு அந்தக் கல்வெட்டில் உள்ள சொல் 'மன்றாடுதல்'. மன்றத்தில் எழுந்து பேசுவது என்பது அன்றைய பொருள். கெஞ்சிக் கேட்பது என்று இன்றைக்கு அந்தச் சொல் மாறிப்போயிருக்கிறது.

இன்னொரு விதிதான் இன்றைக்கும் தேவைப்படுவது. சபையில் எந்த விஷயம் வந்தாலும் காரணம் இல்லாமல் 'அன்று, அன்று' என்று மறுத்துக் காரியத்தைத் தடுக்கிறவருக்கு அபராதம். அன்று என்றால் இங்கே 'அல்ல' என்று பொருள். 'இல்லை, இல்லை, ஆகாது' என்பதுதான். தடுத்த ஒவ்வொரு விஷயத்துக்கும் ஐந்து காசு. அவரோடு சேர்ந்துகொண்டு தடுக்கிறவருக்கும் அதே ஐந்து காசு. அபராதம் கட்டிவிட்டால் விட்டது என்றும் இல்லை. விதிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

குடவோலை முறைக்காக உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. மானூர்க் கல் அவற்றுக்கும் நூறு வருடத்துக்கு மேல் மூத்தது. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை உத்திரமேரூர் விரிவாகச் சொல்கிறது. தேர்ந்தெடுத்தவர்கள் கூடி உட்கார்ந்த பிறகு பேச்சு எப்படிப் போக வேண்டும் என்பதில் மானூருக்கு அக்கறை அதிகம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கல்வெட்டு காரணத்தை விளக்கவில்லை. ஆனால் குளத்தை நம்பிப் பயிர் வைக்கும் ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குற்றாலம் மலையில் பிறந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் சிற்றாற்றின் அணைக்கட்டுகளில் ஒன்று இன்றும் மானூர் பெயரில் இருக்கிறது. கால்வாயில் தண்ணீர் வருவதற்குள் மண் அள்ளியாக வேண்டும். மழைக்கு முன் கரை பலப்படுத்தியாக வேண்டும். கூட்டத்தில் ஒருவர் 'ஆகாது' என்றே உட்கார்ந்திருந்தால், வானம் அவருக்காகக் காத்திருக்காது.

எட்டு அணைக்கட்டு, பதினொரு கால்வாய்

மானூரிலிருந்து ஊர் திரும்பி, பாபநாசம் பேருந்தில் ஏறினால் இந்த விஷயத்தின் முழு அளவும் கண்ணுக்குத் தெரியும். பொதிகை மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணி, புன்னக்காயலில் கடலில் சேர்வதற்குள் எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தில், 1873-இல் முடிந்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தைய மன்னர்கள் காலத்து வேலை.

இந்த எட்டிலிருந்தும் பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன. மொத்தப் பாசனம் 86,107 ஏக்கர். வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட குளங்கள். கால்வாய் குளத்தை நிரப்பும், குளம் வயலை நனைக்கும், மிச்சம் அடுத்த குளத்துக்குப் போகும். மேல் மடைக்காரர் செய்வது கீழ் மடைக்காரரைத் தொடாமல் இருக்கவே முடியாத அமைப்பு இது.

அம்பாசமுத்திரத்தில் இறங்கி வயல் வரப்பில் நடந்தால், ஜூன் மாதத்தில் கார் நடவு நடந்துகொண்டிருக்கும். காருக்கு அணை திறக்கும்போது முதலில் பயன்பெறுவது மேலே உள்ள வடக்கு, தெற்கு கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் ஆகிய நான்கு கால்வாய்கள். அவற்றின் பாசனம் 18,090 ஏக்கர். இதில் கன்னடியன் கால்வாய் மட்டும் 12,500 ஏக்கர். பிசானத்துக்கு வடகிழக்குப் பருவமழை கை கொடுத்தால் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சையாகிவிடும்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்துவிட்டால் காட்சி மாறும். வடகால், தென்கால் இரண்டுக்குமாக 25,560 ஏக்கர். ஏரல் பக்கம் வாழை, ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், இடையிடையே நெல். தென்கால் கடம்பாகுளம் தாண்டித் திருச்செந்தூர்ப் பக்கம் வரை போகிறது. ஆற்றின் கடைசிச் சொட்டு வரைக்கும் பயிர்தான்.

ஒரே கால்வாயில் நெல்லும் வாழையும் இருந்தால் சிக்கல் அங்கேதான் தொடங்கும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 போன்ற குறுகிய கால ரகத்துக்குச் சுமார் 110 நாள் தண்ணீர் போதும். வாழைக்கு வருடம் முழுவதும் வேர் நனைய வேண்டும். நெல் அறுவடைக்குக் காய்ச்சல் கொடுக்க வேண்டிய நேரத்தில் வாழைக்காரர் தண்ணீர் கேட்பார். நாற்று விட்டவர் ஒருபக்கம், உழவே ஆரம்பிக்காதவர் மறுபக்கம். இதில் யார் கேட்பதிலும் தப்பில்லை. ஆனால் உட்கார்ந்து பேசி ஒரு முறை வைக்காவிட்டால், ராத்திரியில் மண்வெட்டியோடு போய் மடையைத் திறக்கிறவர் கைதான் ஓங்கும். கால்வாயின் கடைசியில் இருப்பவருக்குக் கதிர் வெளிவரும் நேரத்தில் தண்ணீர் இருக்காது. ஒரு வருட உழைப்பு அதோடு முடிந்தது.

சங்கம் இருக்கிறது, கூட்டம் நடக்கிறதா?

தமிழ்நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் நீர்ப்பாசன முறைகள் மேலாண்மைச் சட்டம், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்குத் தலைவரையும் பகுதி உறுப்பினர்களையும் விவசாயிகளே தேர்ந்தெடுக்க வழி செய்கிறது. மாதம் ஒருமுறை கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டமும் உண்டு. அங்கே மனு கொடுக்கலாம், அதிகாரியிடம் நேரில் கேட்கலாம். அணையைத் திறக்கும் நாள் போன்ற முடிவுகள் அரசின் கையில். நம் மடைக்கு வந்த தண்ணீரை நாமே எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஆட்சியரிடம் போய் நிற்க முடியாது. அதை வாய்க்கால் கரையில்தான் தீர்க்க வேண்டும்.

வாய்க்கால் கரைக் கூட்டம் கெட்டுப்போகும் விதமும் எல்லோருக்கும் பழக்கமானதுதான். பத்து மணி என்று சொன்னால் பதினொன்றரைக்குத் தொடங்கும். தலைவர் அரை மணி நேரம் பேசுவார். மேல் மடையில் அதிக நிலம் உள்ளவர் அடுத்த அரை மணி நேரம். பத்து வருடத்துக்கு முந்தைய வரப்புத் தகராறு ஒன்று நடுவில் வரும். யாராவது ஒரு யோசனை சொன்னால், "அண்ணாச்சி, அதெல்லாம் சரிப்படாது" என்று ஒரு குரல் வரும். எது சரிப்படும் என்று அந்தக் குரல் சொல்லாது. கடைமடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். வந்தவர்கள் பேசிய முடிவை அவர் மதிக்கவும் மாட்டார்.

வாலென்சியாவின் வியாழக்கிழமை

தண்ணீர்ப் பங்கீட்டுக்காகக் கூடும் கூட்டங்களில் உலகம் முழுவதும் பேசப்படுவது ஸ்பெயின் நாட்டு வாலென்சியா நகரத்தினுடையது. துரியா ஆற்றின் கால்வாய்களில் பாசனம் செய்கிற விவசாயிகள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர், ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் பேராலயத்தின் வாசலில் வட்டமாக உட்காருவார்கள். பல நூற்றாண்டாக நடந்துவரும் வழக்கம் இது. 2009-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

அந்தக் கூட்டத்தின் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. சேவகர் ஒவ்வொரு கால்வாயின் பெயரையும் சொல்லி, புகார் உண்டா என்று கேட்பார். யாரும் வராவிட்டால் சில நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. புகார் இருந்தால் வாய்மொழியாகவே விசாரணை. வக்கீல் கிடையாது. தலைவர் கை காட்டிய பிறகுதான் பேசலாம் என்றுகூட இல்லை, அவர் காலை நீட்டி யாரைக் குறிக்கிறாரோ அவர் பேசலாம். தீர்ப்பு அங்கேயே, அப்போதே.

வேலை இல்லாத வாரத்திலும் அவர்கள் கூடுகிறார்கள் என்பது முக்கியம். சண்டை வந்த பிறகு கூட்டம் போட்டால் அது சண்டைக்கான கூட்டமாகத்தான் இருக்கும். குறித்த நாளில், குறித்த நேரத்தில் கூடிப் பழகியவர்களுக்குச் சண்டை வரும்போது உட்கார ஓர் இடம் தயாராக இருக்கிறது.

ஸ்பெயின் வரைக்கும் போக வேண்டாம் என்றால், பக்கத்து வீட்டு மகளிர் குழுவைப் பார்க்கலாம். சுய உதவிக் குழுக்களுக்கு ஐந்து சூத்திரம் சொல்லித் தரப்படுகிறது: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத உள்கடன், தவறாத திருப்பிச் செலுத்துதல், தவறாத கணக்கு. நல்ல குழு ஒன்றில் பாயை விரித்து வட்டமாக உட்காருவார்கள். வருகைப் பதிவு, போன கூட்டத்துத் தீர்மானம், சேமிப்பு, தவணை, புதுக் கடன் மனு என்று வரிசையாகப் போகும். எல்லோர் முன்னாலும் பணம் எண்ணப்படும். நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் கூட்டம் முடிந்தது. அடுப்பில் வேலை இருக்கிறவர்கள் நடத்தும் கூட்டம் அப்படித்தான் இருக்கும்.

கல்லில் விட்டுப்போனவர்கள்

மானூர்ச் சபையை அப்படியே கொண்டாடவும் முடியாது. அதில் பேசியவர்கள் நிலப்பங்கு உள்ள, வேதம் கற்ற பிராமண ஆண்கள் மட்டும்தான். வயலில் இறங்கி வேலை செய்தவர்கள், மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவர்கள், நாற்று நட்ட பெண்கள் யாருக்கும் அங்கே இடம் இல்லை. எங்கே கரை கசிகிறது, எந்த மடையில் தண்ணீர் தங்குகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

அந்தக் குறை இன்றும் முழுதாகத் தீரவில்லை. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். குத்தகைக்குப் பயிர் வைப்பவரின் பெயர் பல நேரம் எந்த ஏட்டிலும் இருப்பதில்லை. அவர்கள் இல்லாமல் போடுகிற முறை, கூட்டத்தில் சரியாக இருக்கும், வயலில் இருக்காது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பள்ளத்தாக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஆறு கரை மீறியது. கீழே பல குளங்கள் உடைந்தன. வயலில் மண் மேடிட்டது, வாழை சாய்ந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. அப்படிப்பட்ட ராத்திரியில் எந்த மடையைத் திறப்பது, எந்தக் கரையில் மணல் மூட்டை போடுவது என்று கூட்டம் போட்டுப் பேச நேரம் இருக்காது. யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்கு யார் போன் செய்ய வேண்டும் என்பதை ஐப்பசி பிறக்கும் முன்பே பேசி எழுதி வைத்திருக்க வேண்டும். சாதாரண நாட்களின் அரை மணி நேரக் கூட்டம்தான் அந்த ராத்திரிக்கு உதவும்.

அரை மணி நேரத்தில் முடிக்க ஒரு முறை

மானூர்க் கல், வாலென்சியா வாசல், மகளிர் குழுவின் பாய் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், எந்தச் சங்கமும் பின்பற்றக்கூடிய ஒரு முறை கிடைக்கிறது.

நாளும் நேரமும் மாறக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதே கிழமை, அதே மணி. வந்தவர்களை வைத்துத் தொடங்க வேண்டும். காலை ஏழு மணிக்கு மடையடியில் கூடினால் மண்டபம் வேண்டாம், நாற்காலி வேண்டாம், பேச்சும் நீளாது.

முதல் ஐந்து நிமிடம் நோட்டுக்கு. போன கூட்டத்தில் யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார், முடிந்ததா, இல்லையா? விளக்கம் வேண்டாம். முடிந்தது, முடியவில்லை என்ற ஒரு சொல் போதும். விளக்கம் தேவைப்பட்டால் பிறகு.

அடுத்த பத்து நிமிடம் ஒரு சுற்று. வந்த ஒவ்வொருவரும் தன் வயல் நிலைமையை ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். இடையில் யாரும் குறுக்கிடக் கூடாது. பேச்சைக் கடைமடையிலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீர் கடைசியாக வருகிறவருக்குப் பேச்சாவது முதலில் வரட்டும். குத்தகைக்காரரும், தண்ணீர் பாய்ச்சுகிறவரும், வீட்டுப் பெண்களும் இந்தச் சுற்றில் உண்டு. இருபது பேருக்கு மேல் வரும் சங்கம் என்றால் மடைக்கு ஒருவர் பேசினால் போதும்.

அதற்குப் பிறகு முடிவு எடுக்க வேண்டிய விஷயம், அதிகம் போனால் இரண்டு. யோசனையை ஒருவர் சொல்ல வேண்டும். மறுக்கிறவருக்கு இரண்டு வழி: இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சொல்ல வேண்டும், அல்லது இதைவிட நல்ல யோசனை ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாத 'சரிப்படாது' நோட்டில் ஏறாது. நஷ்டம் உண்மை என்றால் யோசனையைத் திருத்த வேண்டும். மறுப்பவரின் வாயை அடைப்பது நோக்கம் இல்லை. அவருக்குத் தெரிந்ததை வெளியே கொண்டுவருவதுதான் நோக்கம். சந்தேகம் தீராவிட்டால் பதினைந்து நாளுக்கு மட்டும் செய்து பார்ப்பது என்று முடிவு செய்யலாம். அடுத்த கூட்டம் வரப்போகிறதே!

கடைசி ஐந்து நிமிடம் எழுதுவதற்கு. என்ன வேலை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். பெயர் இல்லாத வேலை நடக்காது. எழுதியதை உரக்கப் படித்துக் கையெழுத்து வாங்கி, வராதவர்களுக்கு நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். பழைய தகராறு இருந்தால் கூட்டம் முடிந்த பிறகு, சம்பந்தப்பட்டவர்களோடு மட்டும்.

கூட்டத்தை நடத்துகிறவரும் நோட்டு எழுதுகிறவரும் சுழற்சியில் மாற வேண்டும். நடத்திப் பார்த்தவருக்குத்தான் அடுத்தவர் பேச்சு நீளும்போது எவ்வளவு நேரம் போகிறது என்று புரியும். தலைவர் ஊரில் இல்லாத நாளிலும் கூட்டம் நின்றுபோகாது.

அபராதம் வேண்டுமா என்பதை அந்தந்தச் சங்கமே முடிவு செய்துகொள்ளலாம். மானூர்க்காரர்கள் ஐந்து காசு வைத்தார்கள். விதியை ராஜா விதிக்கவில்லை, சபையே வகுத்தது. தாங்களே வகுத்த விதிக்குத்தான் மனிதர்கள் கட்டுப்படுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிசானத்துக்கு அணை திறந்த பிறகு பாபநாசத்தில் விட்ட தண்ணீர், அம்பை, சேரன்மகாதேவி, நெல்லை, மருதூர் தாண்டி ஸ்ரீவைகுண்டம் வந்து, தென்காலில் புகுந்து கடம்பாகுளத்தை நோக்கி நகரும். அந்தக் குளத்துக்கும் கீழே, கடைசி வாய்க்காலில், நாற்றங்காலுக்குத் தண்ணீர் எதிர்பார்த்து ஒருவர் நின்றுகொண்டிருப்பார். மேலே எத்தனை கூட்டம் நடந்தது, எவ்வளவு பேசினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தண்ணீர் வந்ததா, வரவில்லையா என்பது தெரியும்.